தோலை மட்டும் மாற்றினால் போதும்

குளியலறைச் சாக்கடை ஓட்டையில் சிக்கிக் கிடந்ததைத் தேவதாஸ் முதலில் பாலாடை என்றுதான் நினைத்தான். ஈர்க்குச்சியால் இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. வெளுப்பாய், வழவழவென்று, மீன் செதிலின் அச்சோடு, ஓர் ஆள் நீளத்துக்கு. மழைக்காலத்தில் கருவடிக்குப்பத்துச் சாக்கடை நாறுவது அவனுக்குப் பழகியதுதான். இது அந்த நாற்றம் இல்லை. கோழிக்கடைக் கழிவு டிரம்முக்குள் தலையை விட்டதுபோல, புளித்த, இளஞ்சூடான வீச்சம். பேப்பரில் சுற்றித் தெருக்கோடிக் குப்பையில் எறிந்தான். அதை முகர வந்த நாய் வாலைக் கவட்டில் செருகிக்கொண்டு ஓடிற்று.

அது போன ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் ஞாயிறுதோறும் விளையாட்டில் தான் சொல்லும் கதைக்கும் முடிச்சுப் போட அவனுக்குத் தோன்றவில்லை.

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைக்கிறவனுக்கு ஞாயிறு சாயங்காலம் ஒன்றுதான் மிச்சம். அன்று அவன் வீட்டில் கதை விளையாட்டு நடக்கும். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அதற்குள் வீரனாகவோ திருடனாகவோ புகுந்து, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். பாரீசிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஜெர்ரி பழக்கிவிட்டுப் போன வேலை. கதை சொல்கிறவன் தேவதாஸ். சண்டைக்கு வரும் மிருகத்தின் பலம், வேகம், உயிர் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். அதற்கே தூக்கம் போய்விடும்.

"எதுக்கு மச்சான் வாராவாரம் புதுசு செய்யுற? ஒரே மிருகத்த வச்சுக்க. தோல மட்டும் மாத்து. ஒருத்தனுக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுத்தான் ஜெர்ரி பிளேன் ஏறினான்.

உழைக்காமல் முடிக்கிற வழியை ஒருவன் சும்மா சொல்லிக்கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். தேவதாஸ் படவில்லை. முதலில் மீன் தோல் போட்டான். போன வாரம் அதைக் கழற்றி, சீழ்க்கட்டிகள் புடைத்த தேரைத் தோல் போட்டான். கணக்கு அதே கணக்கு.

இந்த ஞாயிறு அதுவும் யோசிக்கவில்லை. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு நேரே வந்து உட்கார்ந்தான். மழைக்குக் கரண்ட் போயிருந்தது. மெழுகுவத்தியைச் சுற்றி அவனும், அவன் மனைவி லூர்துசெல்வியும், கூட வேலை செய்யும் ராஜாங்கமும்.

"இன்னிக்கி என்னய்யா தோலு? எல்லாம் ஒரே ஜந்துதான்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றான் ராஜாங்கம்.

"ஒரு கொழம்ப மூணு நாளு ஓட்டுற ஆளுண்ணா இவரு," என்றாள் லூர்துசெல்வி.

தேவதாஸுக்கு எரிச்சல். எதிரே கண்ணில் பட்டதைச் சொன்னான். "இந்தத் தடவ பொம்பள. காதுக்குக் கீழ மச்சம். முழங்கைக்கிட்ட கஞ்சி வடிக்கும்போது சுட்ட தழும்பு."

"யோவ், அது நம்ம தங்கச்சியாச்சே!" ராஜாங்கம் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"நான் பேயா? இருங்க, வந்து பேசிக்கறேன்," என்று எழுந்து குளியலறைக்குப் போனாள்.

திரும்பி வர நேரமாயிற்று. வந்து உட்கார்ந்ததும் அந்த வீச்சம். ராஜாங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாக்கடைய எடுத்து விடுப்பா," என்று குடையோடு கிளம்பிவிட்டான். அவள் பகடையைப் பொறுக்கினாள். முழங்கையில் இருக்க வேண்டிய தழும்பு மணிக்கட்டில் இருந்தது. ரப்பர் போன காலுறைபோல, கைத்தோல் சரிந்து மடிந்து தொங்கியது. அவள் அதைப் பிடித்து மேலே இழுத்து விட்டுக்கொண்டாள்.

தேவதாஸ் மெழுகுவத்தியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான்.

ஓட்டையில் தேரைத் தோல். கட்டிகளோடு. இன்னும் சூடு ஆறவில்லை.

தண்ணி டிரம்முக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. சிவப்பாய். ஈரமாய். உரித்துத் தொங்கவிட்ட ஆட்டைப்போல. அதற்குக் கண் இருந்தது. இமை இல்லை.

"ஏங்க... எரியுதுங்க..."

அவன் வாந்தி எடுத்தான். துடைக்காமலே திரும்பினான். வாசற்படியில் அது நின்றது. மச்சம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"அவ தோலக் குடுத்துடு."

"குடுத்துடுறேன்," என்றது, லூர்துசெல்வியின் குரலில். "எனக்கு எது?"

அடுத்த தோல். சொல்லியாக வேண்டும். எதையும் யோசித்து வைக்கவில்லை. பாம்பு. நாக்கில் வரவில்லை. பல்லி. அதுவும் வரவில்லை. டிரம்முக்குப் பின்னால் முனகல். கண் கீழே போயிற்று. மெழுகுவத்தி. அதைப் பிடித்திருந்த கை.

வழக்கம்போல, கண்ணில் பட்டதைச் சொன்னான்.

"ஆம்பள. ஆள்காட்டி விரல் பாதிதான். மெஷின்ல போனது. கட்டைவிரல் நகம் கறுப்பு."

சொத்தென்று தரையில் விழுந்தது. ஈரத்துணி மாதிரி. கஞ்சித் தழும்பு மேலே தெரிந்தது.

அவன் அதைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கறுத்த நகத்தின் ஓரத்தில், சூடான பாலின்மேல் ஆடை சுருங்குவதுபோல, தோல் மெல்ல மடிந்து எழும்பிக்கொண்டிருந்தது.