இரண்டு பட்டன்கள்

காலை 11.20. 'தேர்வு முடிந்தது' என்று சிவரஞ்சனியின் காதில் கணினி சொன்னது. அவள் ஆறாவது கேள்விக்குத்தான் வந்திருந்தாள். மொத்தம் ஐம்பது கேள்விகள்.

போடியிலிருந்த அந்த இணையவழிப் பயிற்சி மையத்தில் அன்று அவள் ஒருத்திக்குத்தான் பார்வை கிடையாது. குரங்கணி மலைக்கிராமத்திலிருந்து ஆறு மாதம் ஜீப்பில் வந்து படித்தவள். திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் கொடுத்தால் ஏலக்காய் மண்டியில் தொலைபேசி வேலை.

பிற்பகல் 2.00. புகாரைக் கேட்டு சந்திரவல்லி வந்தாள். இணையப் பாடங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது அவள் தொழில்.

"சின்ராசு எம் பின்னாடி வந்து நின்னான்க்கா. அவந்தேன் எதையோ அமுக்கிட்டான்," என்றாள் சிவரஞ்சனி.

கூடப் படிக்கும் சின்ராசு வெளிறிப்போனான். "தண்ணி பாட்டில எடுக்கப் போனேன்க்கா. சத்தியமாத் தொடல."

சந்திரவல்லி மேசையைப் பார்த்தாள். "மவுசு எங்க, சிவரஞ்சனி?"

"கழத்தி வச்சிட்டேன். அம்பு எங்க நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாம் கீபோர்டுதேன்."

மையத்தின் தலைவர் லிங்கேஸ்வரன் சோதனை அறிக்கை ஒன்றை நீட்டினார். "எங்க இணையதளத்துல குறையே இல்ல மேடம். பொட்டிபுரம் காளீஸ்வரி, அதுவும் பார்வையில்லாத புள்ளதேன், நாப்பது நிமிசம் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கு. அறுபத்து மூணு கிளிக்கு. பதிவே இருக்கு, பாருங்க."

2.40. சந்திரவல்லி திரையை அணைத்துவிட்டு, மாதிரித் தேர்வைக் காதால் மட்டும் கேட்டு எழுதினாள். ஆறாவது கேள்வியில் கை நின்றது.

"சின்ராசு தொடல. அஞ்சு கேள்வி வரைக்கும் ஒரே பட்டன், அடுத்த கேள்விக்குப் போக. ஆறாவதுல ரெண்டு. தேர்வை முடிக்கிற பட்டன் முன்னால வந்துருது. காதுல ரெண்டுக்கும் 'பட்டன்'னு மட்டுந்தான் கேக்குது. வழக்கம்போல முதல் பட்டனை அமுக்குனா, கதை முடிஞ்சுது."

"அப்ப காளீஸ்வரி இதைக் கவனிக்கலையா?" என்றான் சின்ராசு.

"காளீஸ்வரி சோதிக்கவே இல்ல. அறுபத்து மூணும் மவுஸ் கிளிக்கு. கீபோர்டுல ஒரு விசைகூட விழல. பார்வையில்லாதவங்க அப்படிச் சோதிக்கவே முடியாது. கண்ணால பார்த்துச் சோதிச்சது நீங்கதான், லிங்கேஸ்வரன் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு மேடம். வெரசா முடிக்கணும்னு..."

"கையெழுத்து?"

"வருகைப் பதிவுன்னு சொல்லி வாங்குனேன்."

சிவரஞ்சனி சின்ராசு நின்ற பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிரு அப்பு."

சனிக்கிழமை மறுதேர்வு என்று அங்கேயே எழுதி வாங்கினாள் சந்திரவல்லி. பிறகு பழைய முடிவுகளைத் திறந்தாள். சிவரஞ்சனிக்கு முன் மூன்று மாதத்தில் பார்வையற்றோர் பிரிவில் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஏழு பேருக்கும் ஐந்து விடைகள்தான். ஏழு பேருமே படிப்பை விட்டிருந்தார்கள்.

"ஒருத்தர்கூடப் புகார் குடுக்கலையே," என்றாள் மெதுவாக.

"தாங்கதேன் தப்பா அமுக்கிட்டோம்னு நெனச்சிருப்பாகக்கா," என்ற சிவரஞ்சனி, தன் அலைபேசியை எடுத்தாள். "அவுக நம்பரச் சொல்லுங்க. ஒவ்வொண்ணா."