பூஜையில் வைத்த பெட்டி

தறிகள் ஓடாத நாளில் தறிச் சத்தம் கேட்டது.

சுகாசினி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். டக். டக். டக். இன்று ஆயுத பூஜை. பெரிய காஞ்சிபுரத்தின் அந்தத் தெருவில் காலையிலேயே எல்லாத் தறிகளுக்கும் மஞ்சள் பூசி, பூச்சுற்றி, படையல் போட்டாகிவிட்டது. நாளைக் காலைவரை ஒருவரும் தறியில் உட்காரமாட்டார்கள்.

வாசலுக்கு வந்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. தெருவில் உடைத்துப் போட்ட பூசணிக்காயின் குங்குமச் சதையில் ஓர் ஈகூட உட்காரவில்லை. எதிர்வீட்டு இளவரசி படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்கா தறி போடுறது?"

"இன்னிக்கு எவன் போடுவான்? கை முறிஞ்சிடும்."

"சத்தம் கேக்குதே."

"பிள்ளை பெத்தவ, ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடக்குற. எனக்கும் அப்படித்தான். பெரியவன் பொறந்தப்போ எந்நேரமும் மாமியார் குரலே கேட்டுக்கினு இருந்துச்சு. அவ உள்ளதான் இருந்தா, அது வேற." இளவரசி தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

சுகாசினி இரண்டு காதுகளையும் பொத்திப் பார்த்தாள். சத்தம் குறையவில்லை.

உள்ளே கூடத்தில், உத்தரத்தில் கட்டிய தூளியில் அனு தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இது முதல் பூஜை. அதனால் பழைய நூல் சேலையை அவிழ்த்துவிட்டுத் தன் கூரைப் புடவையில் தூளி கட்டியிருந்தாள். அரக்கு நிறம். அகலமான கெட்டிச் சரிகைக் கரை, அசல் வெள்ளி இழை. கரை நெடுக மயில்கள்.

மூலையில் பூஜை. அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷின், கணவன் வசந்த்தின் ஸ்பேனர்கள். நடுவில், வாழையிலைமேல், அந்தப் பெட்டி.

வசந்த்துக்குத் தென்னேரிப் பக்கம் வேலை. ஏரியைத் தாண்டிய வெளியில் கம்பங்கள் நட்டு, அவற்றின்மேல் கண்ணுக்கெட்டியவரை கம்பிவலை விரித்திருக்கிறார்கள். மேகங்களுக்கெல்லாம் மேலே வெயிலைப் பிடிக்கும் பெரிய தகடு ஒன்று நிற்கிறது. பிடித்ததைக் கண்ணுக்குத் தெரியாத கதிராகக் கீழே இறக்குகிறது. வலை அதை வாங்கி மின்சாரமாக்குகிறது.

"மேல இருக்குறதுக்குக் கண்ணு கிடையாதும்மா," என்று காலையில் பெட்டியை இறக்கி வைத்தபடி சொன்னான். "கீழேர்ந்து இந்த மாதிரி பெட்டி ஒண்ணு கூப்பிட்டுக்கினே இருக்கும். எங்கேர்ந்து கூப்பிடுதோ அங்கதான் கொட்டும். இது ஸ்பேரு. ஆஃப்ல இருக்குது. நமக்குச் சோறு போடுறதே இதுதான், இதுக்குப் பொட்டு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?"

ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமத்தை அழுத்தி வைத்தது அவள்தான். அழுத்திய இடத்தில் பொத்தான்போல ஏதோ உள்ளே அமுங்கியது. பூச்சரத்துக்குள் பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. சூடம் காட்டிய வசந்த் அதைக் கவனிக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்து அவளும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

டக். டக்.

மார்பில் தாலிச் சங்கிலி வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கை வளையலும் வெதுவெதுப்பாக இருந்தது. வசந்த்தைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா?" அவனுக்குப் பின்னால் மேளம் கேட்டது.

"அந்தப் பெட்டியை எடுத்து வெளிய வச்சிடட்டுமா?"

"இன்னாத்துக்கு?"

பச்சை விளக்கு எரிகிறது என்பது நாக்குவரை வந்தது. ஈரத்துணியால் துடைத்தேன் என்றால் கத்துவான்.

"சும்மாதான்."

"பூஜையில வச்ச கத்தரிக்கோலை எடுத்து ஒண்ணை வாரிக் குடுத்தது பத்தலையா? அனு வேணுமா வேணாமா உனக்கு?"

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆயுத பூஜையன்று அவள் அந்தக் கத்தரிக்கோலால் நூல் வெட்டினாள். அந்த வாரமே வயிற்றில் இருந்தது போயிற்று. டாக்டர் வேறு காரணம் சொன்னார். வசந்த் கத்தரிக்கோலைச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில நான் வந்து எடுக்குறேன். அதுவரைக்கும் கை வைக்காத. இங்க எங்க பெரிய பெட்டியையே ஆஃப் பண்ணி, மாலை போட்டு உக்கார வச்சிருக்குறோம். அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட்டு வேணாமா?" அங்கே யாரோ சிரித்தார்கள். சிரிப்பின்மேல் இரைச்சல் ஏறியது. போன் அணைந்தது.

அவள் கையில் அது சுட்டது.

காலையிலிருந்து இரண்டு பெட்டிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பெரியதன் குரல்தான் மேலே எட்டியிருக்கும். இப்போது பெரியது வாயை மூடிக்கொண்டது; மேலே கேட்பது இதன் குரல் மட்டும்தான்.

ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தாள். அங்கிருந்து பல்லி ஒன்று விழுந்தது. எந்தத் திசையில் விழுந்தால் என்ன பலன் என்று மனம் தானாகத் தேடியது. பல்லி அசையவில்லை.

சத்தம் இப்போது மண்டைக்குள். நெருக்கமாக. விடாமல்.

பிறகு வாசனை. மயிர் கருகும் வாசனை. அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும் அது. பட்டு அசலா என்று பார்க்க நூலைக் கொளுத்தினால் வருவது. வெளியே இளவரசியின் குரல் உடைந்தது. "ஐயோ, என் தறி! சேலை எரியுதே! தண்ணி கொண்டாங்கடி!"

பூச்சரத்துக்குள் பச்சை.

சுகாசினி கையை நீட்டினாள். விரல் பூவைத் தொடப்போனது.

அனு வேணுமா வேணாமா.

கையை இழுத்துக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, நான் தொடலை. பாத்துக்கினியா? நான் தொடலை."

அனு கத்தினாள்.

திரும்பினாள். தூளி துள்ளியது. இரண்டு கரைகளும் பிள்ளைக்கு மேலே ஒன்றாக மூடியிருந்தன. ஒரு மயிலிலிருந்து அடுத்த மயிலுக்கு நீலப் பொறி தாவியது.

இரண்டு கைகளாலும் கரைகளைப் பிடித்து விலக்கினாள். சரிகை உள்ளங்கையில் ஒட்டியது. இழுத்தாள். தோல் வந்தது. மறுபடி பிடித்தாள். வளையல்கள் சுட்டு மணிக்கட்டின் தோலுக்குள் இறங்கின. கழற்ற வரவில்லை. விரல்கள் மடங்கவில்லை. உள்ளே கத்தல் மெலிந்தது. மெலிந்து, விக்கலானது.

ஓடினாள். பெட்டியை உதைத்தாள்.

பூ சிதறியது. பெட்டி கவிழ்ந்தது. பச்சை அணைந்தது.

டக் சத்தம் நின்றது.

தெருவெல்லாம் கூச்சல். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

இருட்டிவிட்டிருந்தது. தூளி மட்டும் தெரிந்தது. கரையில் மயில்கள் சிவந்து நின்று ஒவ்வொன்றாக அணைந்தன. ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. அனுவுக்குப் பசிக்கும் நேரம். சுகாசினியின் மார்பு கனத்தது. பால் ரவிக்கையை நனைத்து வயிற்றில் வழிந்தது.

உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

தூளி நிற்கப்போனது. வெந்த கையால் அவள் அதை ஆட்டிவிட்டாள்.