உள்ளே போன மூச்சு

பத்து மணி ஒத்திகைக்கு அவள் ஒன்பதுக்கே வந்துவிட்டாள். கச்சேரி மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்ட காவல்காரர், சொட்டச் சொட்ட நனைந்திருந்த குடையை வாங்கி மூலையில் சாய்த்தார்.

"அப்பா மாதிரியே சீக்கிரமா வந்துட்டீங்க."

"அவருக்குப் பழக்கம்ண்ணா. எனக்குப் பயம்."

உள்ளே ஈரத் திரைச்சீலையின் வாடை. மேடை நடுவில் மூடி கழற்றிய பியானோ, விசைப்பலகை பார்வையாளர் பக்கம் பார்த்தபடி. வாசிப்பவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுற்றியிருக்கும் இசைக்குழுவையும் சேர்த்தே நடத்துவதற்கான ஏற்பாடு அது.

அப்பா அப்படித்தான் நடத்தினார். நடனப் பள்ளியில் பயிற்சிக்கு பியானோ வாசிப்பவராகத் தொடங்கியவர், ஊர் ஊராகத் தனிக்கச்சேரி செய்து, நாற்பது வயதில் இந்தக் குழுவின் கண்டக்டர் ஆனார். "உங்கப்பா எந்த ரூட்டு பஸ்ஸு?" என்று பள்ளியில் அவளைக் கேட்காத பிள்ளை இல்லை.

குச்சி பிடித்து நடத்துபவர் கையை மேலே தூக்குவார். தூக்கும் வேகத்திலேயே, அது எப்போது இறங்கும், இசை என்ன வேகம் என்பதெல்லாம் குழுவுக்குத் தெரிந்துவிடும். பியானோவிலிருந்து நடத்துபவருக்கு இரண்டு கையும் விசைகளின் மேல் இருக்கும். அதனால் அப்பா மூக்கால் சத்தமாக மூச்சை இழுப்பார். குட்டை மூச்சு என்றால் வேகம், நீள மூச்சு என்றால் நிதானம். மூச்சு முடியும் இடத்தில் முதல் சுரம். இருபத்திரண்டு வருடம் குழு அந்த மூச்சுக்குத்தான் காது கொடுத்தது.

போன வருடம் இதே மேடையில், இதே இசைக்கு, அவர் மூச்சை இழுத்தார். மிக நீளமாக.

அது வெளியே வரவில்லை.

விசைகளுக்கு மேல் கையை வைத்தபடியே அவர் உட்கார்ந்திருந்தார். இறந்துவிட்டார் என்று தெரியாமல் முப்பது பேர் வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

அந்த இசையைத்தான் இன்று மாலை அவள் நடத்த வேண்டும். சரியாக அமைந்தால் அப்பாவின் இடம் அவளுக்கு. இல்லையென்றால் வெளியூரிலிருந்து ஒருவர் தயாராக இருக்கிறார் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அந்த இசையை அவள் எப்போதும் விறுவிறுப்பாக வாசிப்பாள். "ரயிலைப் பிடிக்கவா ஓடுற?" என்பார் அப்பா. தன் குழுவோடு ஒருமுறைகூட அவளை வாசிக்க விட்டதில்லை.

அவள் பியானோவின் அடியில் இருக்கும் வலது கால்மிதியை அழுத்தினாள். கம்பிகளை அடக்கி வைத்திருக்கும் கம்பளிக் கட்டைகள் மொத்தமாக மேலே எழும்பின. அப்படி எழும்பினால் கம்பிகள் கட்டவிழ்ந்து, அறையில் எழும் எந்த ஓசைக்கும் பதில் சொல்லும். சின்ன வயதில் அவளுக்குப் பிடித்த விளையாட்டு. உள்ளே குனிந்தாள்.

"அப்பா."

ஆ... என்றன கம்பிகள். ஓசை அடங்கியதும் காலை எடுத்தாள்.

கட்டைகள் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, யாரோ மெதுவாகக் காலை எடுத்தது போல, ஒன்றாக இறங்கின.

மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் குழு உட்கார்ந்தது. அவள் விசைகளின் மேல் விரல்களை வைத்தாள். அவ்வளவுதான், முப்பது பேரும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆமை வேகத்தில்.

கையைத் தட்டி நிறுத்தினாள். "யார் சொல்லி ஆரம்பிச்சீங்க?"

"நீதானம்மா," என்றார் முதல் வயலின்காரர். அப்பாவின் பழைய சிநேகிதர். "மூச்சு கேட்டுச்சே."

"நான் இன்னும் மூச்சே எடுக்கலை மாமா."

"எனக்குத்தான் ஜலதோஷம், என் மூக்கா இருக்கும்," என்றாள் செல்லோக்காரி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

அவள் மாமாவின் பக்கம் குனிந்தாள். "எவ்வளவு நீளம்?"

"அன்னிக்கு இழுத்தாரே, அவ்வளவு." அவர் வில் நுனியால் காட்டினார். "பியானோவுக்குள்ள இருந்து வருதும்மா."

அவளுக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது. செத்த பிறகும் இடத்தை விடமாட்டாரா?

"இனிமே யாரும் காதால கேக்காதீங்க," என்றாள் எல்லோரிடமும். "நான் மூச்சை அடக்கிக்கறேன். என் தலையைப் பாருங்க. தலை இறங்கினா ஆரம்பம்."

மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்று முறையும் அவள் வேகத்தில் கச்சிதமாக வந்தது. "தப்பிச்சோம்டி," என்றாள் செல்லோக்காரி.

மாலையில் அரங்கு நிறைந்தது. முன்வரிசையில் நிர்வாகி. அவள் உட்கார்ந்து, உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கினாள். தலையைத் தூக்கி இறக்கினாள்.

ஒருவரும் வாசிக்கவில்லை.

முப்பது ஜோடிக் கண்களும் அவளைத்தான் பார்த்தன. ஆனால் அவள் தலையை அல்ல.

அவள் மார்பை.

குனிந்து பார்த்தாள். விலா எலும்புகள் தாமாக விரிந்துகொண்டிருந்தன. அடக்கிய மூச்சுக்கு மேல் இன்னொரு மூச்சு மூக்கு வழியாக ஏறிக்கொண்டிருந்தது. நீளமாக, நிதானமாக. மிதியில் அவள் கால் இல்லை. கம்பளிக் கட்டைகள் மேலே நின்றிருந்தன.

மூச்சு முடிந்த இடத்தில் அவள் கைகள் இறங்கின.

அன்று அப்பாவின் மூச்சோடு நின்றுபோன வேகத்தில் இசை தொடங்கியது. ஓட வேண்டும் என்று அவள் நினைத்த ஒவ்வொரு இடத்திலும் விரல்கள் காத்திருந்தன. அவ்வளவு அழகாக அவள் ஒருநாளும் வாசித்ததில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கைத்தட்டல் ஓயவே இல்லை. நிர்வாகி மேடையேறி அவள் கையைக் குலுக்கினார். "இனிமே இது உங்க இடம்."

அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. மாமா ஓடி வந்து முதுகில் தட்டினார். "மூச்சை விடும்மா. விடு."

விட்டாள். சின்ன மூச்சு. அவளுடையது.

உள்ளே போனது இரண்டு.

இன்னொன்றுக்காக மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வெளியே வரவில்லை.