பொய் வெளிச்சம்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா என்றால் என் அக்காவின் கணவர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா செத்துப்போய் மாதங்கள் ஆகியும் மருந்து வாடை வீட்டைவிட்டுப் போகவில்லை.

நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். வீடியோ கேம்களில் வெளிச்சத்தை அழகாக்குவதில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ரசிகர்கள் எழுதி இலவசமாகப் போடும் ‘மோட்’ என்ற சேர்க்கைகளை விளையாட்டில் ஏற்றி, அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, செத்துக் கிடக்கும் அறையில் சாயங்கால வெயிலை வரவழைப்பேன். இதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற நினைப்பும் உண்டு.

“மாப்ள, அந்த மூலை மட்டும் சரியா தெரியல. கொஞ்சம் வெளிச்சமாக்கிக் குடு,” என்றார் மாமா.

கம்ப்யூட்டர் திரையில் இருந்தது இதே வீடு. படுக்கையில் கிடந்த நாட்களில், வீடு கட்டும் விளையாட்டு ஒன்றில் அக்கா இதை அச்சு அசலாகக் கட்டியிருந்தாள். அதே கட்டில், கதவு சரியாக மூடாத அதே அலமாரி. விளக்குகளை மட்டும் இரண்டு மடங்காக வைத்திருந்தாள். அவளுக்கு இருட்டென்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் கரண்ட் போனால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். என்னைவிட மூத்தவள், அதில் வெட்கமே கிடையாது.

கட்டிலுக்குப் பக்கத்து மூலையில், சுவரோடு ஒட்டி ஓர் ஆள் நிற்பது போல மங்கலாக ஏதோ இருந்தது.

“அது என்ன மாமா?”

“அவதான்.”

சாப்பிடாமல் தூங்காமல் நாள் முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வெளிச்சத்தைச் சரிசெய்தால், அங்கே ஒன்றுமில்லை என்பது அவருக்கே விளங்கிவிடும் என்று நினைத்தேன். விளங்கினால் மனுஷன் பிழைத்துக்கொள்வார்.

மோடை ஏற்றினேன். எங்களைப் போன்ற கிறுக்கர்கள் முதலில் கை வைக்கும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டுகளில், எந்த விளக்கிலிருந்தும் வராத ஒரு வெளிச்சத்தை அறை முழுக்க லேசாகப் பூசியிருப்பார்கள், எந்த இடமும் முழு இருட்டாகிவிடக் கூடாது என்பதற்காக. நாங்கள் அதைப் பொய் வெளிச்சம் என்போம். அதைப் பூஜ்யத்துக்கு இறக்கினால்தான் விளக்கு விளக்காகத் தெரியும், நிழல் நிழலாக விழும். யோசிக்காமல் இறக்கினேன்.

அறை அழகாகிவிட்டது. மேசை விளக்கின் மஞ்சள் தரையில் பரவியது. கட்டில் கால்களுக்கு நிழல் வந்தது. மூலை மட்டும் கறுத்துப்போயிருந்தது.

“எங்க அவ?”

“யாரும் இல்ல மாமா. நீங்களே பாத்தீங்கல்ல.”

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

அந்த விளையாட்டில் ஆட்களே கிடையாது.

மூலையை ஒட்டியிருந்த விளக்கு மறைந்தது. அடுத்து அலமாரி விளக்கு. அதற்கடுத்து மேசை விளக்கு. நான் எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றாக, எங்கள் பக்கம் வருகிற வரிசையில் போய்க்கொண்டிருந்தன.

திரை முழுக்கக் கறுப்பு.

“வெளிச்சத்தப் போடு மாப்ள,” மாமா கிசுகிசுத்தார். “பயந்துடுவா.”

பொய் வெளிச்சத்தைப் பழைய அளவுக்கு ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. மோடையே பிடுங்கி எறிந்தேன். அப்போதும் இல்லை. செட்டிங்ஸில் பார்த்தால் எல்லா விளக்கும் எரிவதாகவே காட்டியது. பிரைட்னஸை அது போகும் மட்டும் தள்ளினேன்.

கறுப்பு மெல்லச் சாம்பல் நிறமானது. அதில் மேலிருந்து கீழாக நூல் நூலாக ஏதோ தெரிந்தது.

முடி.

விளக்கு எதுவும் அணையவில்லை. அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவில், திரைக் கண்ணாடியின் உள்பக்கத்தை ஒட்டி அவள் வந்து நின்றிருந்தாள்.

“டேய் தம்பி,” என்றது ஸ்பீக்கர். “விளக்கப் போடுடா.”

“போட்டுட்டேன்க்கா. எல்லாத்தையும் போட்டுட்டேன்.”

முடி இடமும் வலமுமாக அசைந்தது.

“தெரியலடா.”

மாமா திரைமேல் உள்ளங்கையை வைத்தார். “சில்லுனு இருக்கா,” என்றார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டிக்குள் விசிறி சுற்றி ஓய்ந்தது. திரை அணைந்தும் அந்த முடி மட்டும் அப்படியே தெரிந்தது.

இப்போது மாமா வீட்டிலுள்ள விளக்குகளையெல்லாம் அந்தத் திரையைப் பார்த்துத் திருப்பிவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால், “அவ கொஞ்சம் கண்ண மூடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்,” என்கிறார். இனி அவரை எழுப்பிக் கூட்டிவர யாராலும் ஆகாது. செட்டிங்ஸில் நகர்த்த ஒரு ஸ்லைடர்கூட எனக்கு மிச்சமில்லை.

கடையை மூடும்போது திரைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறேன். அணைந்த திரையில், அணைத்தவன் முகம் தெரிய வேண்டும். எதிலும் என் முகம் தெரிவதில்லை. அருகில் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.