வெள்ளைச்சிக்கு மறுத்த மருந்து

“நாய்க்குன்னா தர முடியாது.”

சொல்லிவிட்டு மாரிசெல்வி அடுத்தவர் நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டாள். விருதுநகர் பஜாரில் அந்த மூலிகை மருந்துக்கடைக்கு அவள் வந்து, பக்கத்து விடுதியில் தங்கி எட்டு மாதம் ஆகிறது. தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மகள். ஊரில் முதன்முதலாக டி.பார்ம் முடித்தவள். போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மிடுக்கு நாக்கிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

எதிரே நின்றவன் நகரவில்லை.

“தீபாவளி சீசன்… வெடி டெஸ்ட் பண்ற சத்தத்துக்கு எங்க வெள்ளைச்சி நடுங்கிச் சாகுது. அமுக்கராக் கிழங்கு டிங்சர் ஒரு பாட்டில்தானே கேக்கேன்? நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது. மாட்டு டாக்டர் இல்லைன்னு மட்டும் தெரியுது.”

கடையே சிரித்தது. அவன் முகம் சிவந்தது. ஆனால் அந்தக் கண்கள்… கோபத்துக்கு நடுவிலும் கெஞ்சின. அவள் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள். அவன் விருட்டென்று இறங்கிப் போய்விட்டான்.

“திருத்தங்கல் அச்சாபீஸ் முதலாளி மகன்மா அது, மணிகண்டராஜ்,” என்றார் கடைக்கார நாகையா அண்ணாச்சி.

‘யாரா இருந்தா என்ன…’ என்று நினைத்தாள். ஆனால் ஏன் தர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ…

மூன்றாம் நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில் மறுபடியும் ஜீப்பில் வந்தான். இரண்டு கையிலும் ஒரு ராஜபாளையத்து வெள்ளை நாய், துணியாய்த் துவண்டு கிடந்தது.

“கண்ணே தொறக்க மாட்டேங்குது… வேற கடையில வாங்கிக் குடுத்துட்டேங்க.”

“எம்புட்டு குடுத்தீக?”

“வேளைக்கு ஒரு ஸ்பூன்…”

“வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதா?”

“வலிப்புக்கு. ரெண்டு வருசமா.”

அவன் சட்டைப்பையில் துருத்திய பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தாள். “வலிப்பு மாத்திரையே அசத்தும். இந்தக் கிழங்கும் அசத்தும். போதாததுக்குச் சாராயத்துல ஊறப்போட்டது… எடுங்க ஜீப்பை!”

கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் வெள்ளைச்சியின் தலை அவள் மடியில் இருந்தது. என்ன கிழங்கு, எத்தனை வேளை, கடைசியாக எப்போது, மாத்திரையின் பெயர்… எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“இப்படித் தெளிவாச் சொல்ல ஆள் இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்,” என்றபடி டாக்டரம்மா டிரிப் ஏற்றினார்.

மறுநாள் காலையில் வெள்ளைச்சி எழுந்து நின்றது.

நாலு நாள் கழித்து அவன் டிரைவர் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். “சின்ன முதலாளி குடுக்கச் சொன்னாக.”

“நன்றி சொல்லணும்னா அவுக வாயாலேயே சொல்லட்டும்.” பெட்டி திரும்பிப் போனது.

அதன்பின் பத்து நாள் அவன் வரவேயில்லை.

பதினோராம் நாள், கடையில் கூட்டம் நெருக்கிய நேரத்தில் வந்து நின்றான்.

“யாருன்னு தெரியுமான்னு கேட்டேனே… நெனச்சா வெக்கமா இருக்குங்க. மன்னிச்சிருங்க.”

இத்தனை பேர் முன்னால்… அவள் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள்.

“தப்பு எம்மேலயும் இருக்கு. அன்னைக்கே காரணத்தைச் சொல்லியிருந்தா நீங்க வேற கடை தேடியிருக்க மாட்டீக. படிச்ச திமிரு.”

“இப்பச் சொல்லுங்க… கேக்குதேன்.”

“சாராயம் சேர்க்காம கிளிசரின்ல எடுத்த மருந்தும் உண்டு. அதையும் டாக்டரம்மா சரின்னாத்தான் குடுக்கணும். நாயோட எடையைப் பாத்து, அவுக சொன்ன சொட்டு மட்டும். வாந்தி, தள்ளாட்டம்னா உடனே நிறுத்திட்டு அங்க தூக்கிட்டுப் போகணும். வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது…”

“இம்புட்டும் எனக்கு ஞாபகம் நிக்காதுங்க. ஆயுசுக்கும் பக்கத்துல இருந்து சொல்லுவீகளா?”

மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

“எங்கய்யா வெடிக்கு மருந்து அடைக்கிறவரு. தெரியுமில்ல?”

“தெரியும். நேத்து எங்க அப்பாவைக் கூட்டிட்டு தாயில்பட்டிக்கு, உங்க வீட்டுக்குத்தான் போயிருந்தேன். உங்கய்யா சேரைப் போட்டு உக்கார வச்சாரு. ‘எம் மக நெஞ்சை நிமித்தி நிக்கிற பிள்ளை. அவ சம்மதத்தை நான் சொல்ல முடியாது, அவகிட்டயே கேளுங்க’ன்னுட்டாரு.”

அய்யா அப்படியா சொன்னார்… பெருமையில் அவள் கண் நிறைந்து தளும்பியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“பத்து நாளா எந்த ஜீப்புச் சத்தம் கேட்டாலும் கடை வாசலையே பாத்துக்கிட்டிருந்தேங்க… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”