மணி ஏழாக இருந்திருந்தால்...

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? ஜன்னல் தெரியல."

அவனும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்புறம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்...

சாயங்கால மழை. பூட்டிக் கிடந்த சலவைக் கடை வாசலில் ஒருவர் நிற்கவே இடம் போதாது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிக்கிறவள். ஆனாலும் இப்படி ஒரு ஜோடிக் கண்ணை... இமையில் மழைத்துளி தொங்க, கோபத்திலும் சிரிக்கிற கண்ணை... சீ, இதற்கா வந்தோம்?

வந்தது மாமாவைப் பிடிக்க. அக்காவின் புருஷன் கொஞ்ச நாளாக ஏதோ பொய் சொல்லிவிட்டு இந்த எதிர்மாடிக்கு வந்து போகிறார். வீட்டிலும் குளியலறைக்குள் நின்றுகொண்டு "அழகே... அழகே..." என்று யாரையோ கொஞ்சுகிறாராம். நிறைமாத வயிற்றோடு அக்கா பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு அழுதாள். "நீயே பார்த்துட்டு வந்து சொல்லுடி. உண்மைன்னா நாளைக்கே அம்மா வீட்டுக்கு வந்துடறேன்."

"அந்த மாடியில உங்களுக்கென்ன வேலை?" என்றான் அவன்.

"உங்களுக்கென்ன?"

"எங்க அக்கா ரூம் அது. பேச்சு சரியா வராத பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறா. இப்ப ஒருத்தன் வர்றான். வந்ததும் கதவைச் சாத்திடறா. யாருன்னு கேட்டா, 'உனக்கெதுக்கு'ங்கிறா."

அவளுக்குத் திக்கென்றது. "ஒருத்தனா? அவர் எங்க மாமா! பயிற்சிக்குத்தான் வந்திருப்பார்."

"வாய் நல்லாத்தான் பேசுது. அன்னைக்குப் படியில நிறுத்தி மணி என்னன்னு கேட்டேன். 'அஞ்சரை'ன்னு டாண்ணு சொன்னான்."

"உங்க கையிலயே கடிகாரம் இருக்கே?"

"கடிகாரம் ரிப்பேர் பண்றவன்ங்க நான். வேற என்ன கேக்கத் தெரியும்?"

சிரிப்பு முட்டியது. விடுவாளா? அடக்கிக்கொண்டாள்.

"எங்க மாமா தங்கம். உங்க அக்காதான் ஏதோ மயக்கி..."

"வார்த்தையை அளந்து பேசுங்க! தனி ஆளா நின்னு என்னை வளர்த்தவ. அவளைச் சொன்னா சும்மா இருக்க மாட்டேன்."

"அவ்வளவு நம்பிக்கைன்னா ஏன் ஒளிஞ்சு பார்க்கறீங்க?"

"தங்கமான மாமாவுக்கு நீங்க ஏன் காவல்?"

இருவரும் எதிர்மாடி ஜன்னலைப் பார்த்தார்கள்.

"வாங்க, கையும் களவுமாப் பிடிச்சிடலாம்!" என்று அவள்தான் முதலில் மழையில் இறங்கினாள். படியேறும்போது இருந்த வீராப்பு கதவுக்கு முன்னால் காணாமல் போனது. தட்டினால் அக்காவின் குடித்தனமே போய்விடுமோ... தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

உள்ளே மாமாவின் குரல். "அள... அள..."

"நாக்கை நல்லா வளைங்க. மேலே ஒட்டக் கூடாது." அது அவன் அக்கா.

"அழ... அழகே!"

"அப்படித்தான்! இப்ப அந்தப் பெரிய வார்த்தை?"

மாமா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "குள... கு... குழந்தை!"

"வந்துடுச்சு சார்!"

"என் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம் மேடம். பிள்ளையைக் கையில வாங்கறப்போ அவ காதுபடச் சொல்லணும். நான் 'குளந்தை'ன்னு சொன்னா வீடே சிரிக்குது..."

வீடென்ன வீடு! உரக்கச் சிரித்ததே இவள்தான். அவமானமாக இருந்தது. அதையும் மீறிக்கொண்டு பெருமை பொங்கியது. எங்க மாமா!

சத்தமில்லாமல் கீழே வந்து போன் செய்தாள். "அக்கா, பெட்டியைப் பிரிச்சு வை. உன் புருஷன் சொக்கத் தங்கம். மத்ததை அவரே சொல்வார். என்னை நம்பு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அன்னைக்கு மணி ஏழா இருந்திருந்தா 'ஏளு'ன்னு சொல்லி அப்பவே மாட்டியிருப்பார்!"

இந்தத் தடவை சிரிப்பை அவள் அடக்கவில்லை. "உங்க அக்காவைத் தப்பாப் பேசிட்டேன்... மன்னிச்சுடுங்க. ரொம்பப் பெரிய மனசு அவங்களுக்கு."

"எங்க அக்காவாச்சே!" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

"இப்ப மணி என்ன?" என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவன் கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியல... வந்ததுலேர்ந்து உங்களைத்தான் பார்த்துட்டிருக்கேன். உங்களைப் பிடிச்சிருக்குங்க."

கன்னம் சுட்டது. ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"எனக்கும்தான்... ஆனா எங்க மாமாகிட்ட வந்து கேளுங்க. 'நல்லா வாழுங்க'ன்னு அவர் வாயால சொல்லணும். அந்த 'ழ' பிசகாம வர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

"எங்க அக்கா சொல்லிக்கொடுத்தா ஒரே மாசம்!"

"அவ்வளவு நாளா...?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.