சிவப்பு மையும் சாம்பல் பூனையும்

சைக்கிள் நிறுத்துமிடத்தில் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்த சிவப்பு மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு கிடந்தது!

சிவப்பு மை என்பது ஆறாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர். அவர்கள் குடியிருப்புக்கென்று ஓர் இணையப் பக்கம் உண்டு. அதில் யாராவது பிழையோடு எழுதினால் போதும், அவளுக்குக் கை துறுதுறுக்கும். அம்மாவின் போனை எடுத்து, அந்தப் பட்டப்பெயரிலேயே திருத்தம் போட்டுவிடுவாள். உடனே சிரிக்கும் முகங்கள் வந்து குவியும். அவளுக்குத் தலைகால் புரியாது.

"அண்ணா, இந்தப் பூனையைக் காணோம்னு யாரோ எழுதியிருந்தாங்களே!" என்று பக்கத்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த அண்ணனிடம் கத்தினாள்.

"ஆமா, நீகூட வரிக்கு வரி தப்பு கண்டுபிடிச்சியே." அண்ணன் அவள் கையிலிருந்த போனை வாங்கித் தேடினான். "அந்தப் பதிவே இல்ல. எழுதினவரே அழிச்சுட்டார்."

"ஏன்?"

"ஏன்னா கேக்குற? எல்லாரும் சேர்ந்து சிரிச்சா யாருதான் வச்சிருப்பாங்க?"

அவள் முகம் சுருங்கிப் போனது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. அந்தப் பதிவில் இருந்த பிழைகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். எழுதியவர் எந்த வீட்டுக்காரர் என்பது மட்டும் சுத்தமாக நினைவில்லை.

பூனை பசியில் முனகியது. அவள் போனைத் திரும்ப வாங்கி, பூனையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மணியடித்தாள்.

"அந்தப் பதிவா? விழுந்து விழுந்து சிரிச்சேன் போ!" என்றார் தையல்காரம்மா.

"பூனையா? அதுல பூனை எங்க இருந்துச்சு?" என்றார் பல் டாக்டர்.

திருத்தத்தை எல்லோரும் படித்திருந்தார்கள். பூனை காணாமல் போனதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

மேல்மாடியில், யாரோ புதிதாகக் குடிவந்திருந்த வீட்டுக் கதவு திறந்தது. பி.டி. சார்! விசில் ஊதினால் பள்ளிக்கூடமே நடுங்குமே, அதே பி.டி. சார்!

"பஞ்சு!" என்று அலறினார் சார். பூனை அவர் தோளில் தாவி ஏறியது. அவ்வளவு பெரிய மீசை வைத்தவர் தேம்பித் தேம்பி அழுதார்.

"தெருத்தெருவா தேடினேன்மா. எங்க கெடைச்சான்?"

"சைக்கிள் வைக்கிற இடத்துல சார். நீங்க ஏன் சார் பதிவை அழிச்சீங்க?"

சார் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் எழுத்துக்கும் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. யாரோ சிவப்பு மையாம், கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க. ஸ்கூல்ல தெரிஞ்சா மானம் போயிடும். நீயும் சொல்லிடாத, என்ன?"

பேசாமல் ஓடிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்குக் கால் நகரவில்லை.

"சார்... அந்தச் சிவப்பு மை நான்தான். எழுத்தை மட்டும்தான் சார் பார்த்தேன். பூனையைத் தேடணும்னே தோணல. மன்னிச்சுடுங்க."

சார் திறந்த வாயை மூடவில்லை. பிறகு பெருமூச்சு விட்டு, "ஒளிக்காம சொன்னியே" என்றபடி போனை எடுத்து, பஞ்சு கிடைத்த செய்தியைத் தட்டித் தடவி எழுதி அனுப்பினார்.

அனுப்பியதுதான் தாமதம், அதிலிருந்த பிழைகளுக்குச் சிரிக்கும் முகங்கள் வரிசை கட்டின. 'சிவப்பு மை எங்கே? சீக்கிரம் வாங்க!' என்று பல் டாக்டர் எழுதினார்.

சாரின் முகம் வெளுத்தது. அவள் பரபரவென்று அம்மாவின் போனில் எழுதினாள்: 'சிவப்பு மை வந்துவிட்டேன். பஞ்சுவை என் கையால் தூக்கினேன். பாவம், நன்றாக இளைத்துவிட்டான்.'

சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு தையல்காரம்மா கேட்டார்: 'அச்சச்சோ, பால் குடிச்சானா?'

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிழை வருமே என்று தயங்காமல், பதில் எழுத ஆரம்பித்தார்.